ஏன் என்று கேட்காத உடன்பாடு

மனிதருக்கு உரிமைகள் உண்டு என்று அடித்துச் சொல்கிறோமே, அந்த உரிமைகள் எங்கிருந்து வந்தன? இறைவன் அளித்தவையா, பிறப்போடு கூடவே வருபவையா, நாமே கூடிப் பேசி ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டவையா? 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரின் ஷாயோ அரண்மனையில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டபோது இந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. 30 பிரிவுகள் கொண்ட அந்த ஆவணத்தில் கடவுள் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் மாண்பிலும் உரிமையிலும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று முதல் பிரிவு தொடங்குகிறது. ஏன் சமம், யார் சமமாக்கினார் என்று விளக்காமலே அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறது. நம்பிக்கையாளர்களில் ஒரு சாராரும் தத்துவவாதிகளில் ஒரு சாராரும் இந்த மௌனத்தைப் பெருங்குறையாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பிய கட்டடம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எனக்கு அந்த மௌனம் சரியானதாகவே படுகிறது. ஆனால் அது சும்மா கிடைத்த மௌனமில்லை. அரசுகள் சொல்லாமல் விட்ட காரணத்தைச் சொல்லவேண்டிய பொறுப்பை அது சமயங்களின் தலையில் வைத்தது. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட இடங்களில்தான் பிரகடனத்துக்கு உயிர் வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மௌனம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 1947-இல் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராக இருந்த ஜூலியன் ஹக்ஸ்லியின் காலத்தில், மனித உரிமையின் அடிப்படை எது என்று பல நாட்டுச் சிந்தனையாளர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார்கள். காந்தி சுருக்கமாகப் பதில் எழுதினார். இத்தாலியிலிருந்து குரோச்சே எழுதினார். கன்பூசிய மரபை முன்வைத்துச் சீன அறிஞர் ஒருவரும், இஸ்லாமிய மரபை முன்வைத்து ஹுமாயூன் கபீரும், இந்து மரபை முன்வைத்துப் புந்தாம்பேகரும் எழுதினார்கள். கத்தோலிக்கர், மார்க்சியர், தாராளவாதிகள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் பதில்கள் சேர்ந்தன. எவையெவை உரிமைகள் என்ற பட்டியலில் இவர்களுக்குள் வியக்கத்தக்க ஒற்றுமை இருந்தது. காரணம் என்று வந்தபோதோ ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. இந்தத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய பிரெஞ்சுக் கத்தோலிக்கத் தத்துவவாதி ழாக் மரித்தேன் அந்த நிலையை மறைக்கவில்லை. உரிமைகளில் எங்களுக்குள் உடன்பாடு உண்டு, ஏன் என்று மட்டும் யாரும் கேட்காதவரை, என்று சொன்ன ஒருவரின் பதிலை அவர் எடுத்துக்காட்டினார். தாமஸ் அக்வினாஸின் வழியில் நின்று, உரிமைகளுக்கு இறைச்சட்டமே அடிப்படை என்று உறுதியாக நம்பியவர் மரித்தேன். அவரே இந்த நிபந்தனைக்கு இசைந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் இது வாக்குவாதமாகவே வெடித்தது. 1948 செப்டம்பர் இறுதி முதல் டிசம்பர்வரை 80-க்கும் மேற்பட்ட அமர்வுகளில் அந்தக் குழு ஒவ்வொரு சொல்லாக அலசியது. மனிதர் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று முதல் பிரிவில் சேர்க்கவேண்டும் என்றது பிரேசில். மனிதரின் தெய்விகத் தோற்றத்தை முகவுரையில் குறிப்பிடவேண்டும் என்றது நெதர்லாந்து. கல்வியாளரும் நாடகாசிரியருமான சீனப் பிரதிநிதி பி.சி. சாங் எழுந்து பதில் சொன்னார். மனித குலத்தில் பெரும்பங்கு தம் நாட்டில் வாழ்கிறது, அவர்களுடைய மரபும் விழுமியங்களும் கிறித்தவ மேற்கிலிருந்து வேறானவை, ஆனாலும் சீன மரபைப் பிரகடனத்தில் ஏற்றும்படி தாம் கேட்கவில்லை, அதே அடக்கத்தைப் பிறரிடமும் எதிர்பார்ப்பதாகச் சொன்னார். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. கதை இத்தோடு முடியவில்லை. முதல் பிரிவின் வரைவில் ‘இயற்கையாகவே’ என்ற சொல் இருந்தது. பகுத்தறிவும் மனசாட்சியும் மனிதருக்கு இயற்கை அளித்த கொடை என்று அது பொருள்பட்டது. அந்தச் சொல்லும் எடுக்கப்பட்டது. கடவுளை முன்வைத்தவர்கள் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள் என்று பலரும் நினைப்பதுண்டு. இயற்கையை முன்வைத்தவர்களும் சமமாகவே விட்டுக்கொடுத்தார்கள்.

பிரேசிலின் வாக்கியம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தரும் சமணரும், எந்தக் கடவுளையும் ஏற்காத நாத்திகரும், தாம் சமம் என்பதற்கான ஆதாரத்தை இன்னொருவருடைய இறையியலில் போய்த் தேடவேண்டியிருந்திருக்கும். எவரும் எந்தச் சமயத்தையும் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் சொல்லும் ஆவணம் முதல் பிரிவிலேயே ஒரு நம்பிக்கையை எல்லோருக்குமாக அறிவித்திருந்தால் தன்னைத்தானே மறுத்திருக்கும். அந்த விதத்தில் முதல் பிரிவின் மௌனம் 18-ஆம் பிரிவை முன்கூட்டியே கடைப்பிடித்தது.

அந்த 18-ஆம் பிரிவுதான் அதிகச் சண்டையைக் கிளப்பியது. சிந்தனை, மனசாட்சி, சமயம் ஆகியவற்றில் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்பதில் யாருக்கும் தடையில்லை. சமயத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் அதில் அடங்கும் என்ற தொடரை லெபனானின் சார்ல்ஸ் மாலிக் விடாப்பிடியாக ஆதரித்தார். சவூதி அரேபியாவின் பிரதிநிதி ஜமீல் பரூடி அதை நீக்கவேண்டும் என்றார். மதம் மாற்ற வந்தவர்களுக்குப் பின்னாலேயே காலனியப் படைகளும் வந்த வரலாற்றை அவர் நினைவூட்டினார். அந்த அச்சம் பொய்யானதல்ல. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சிலுவையும் துப்பாக்கியும் சேர்ந்து இறங்கிய துறைமுகங்கள் பல உண்டு. இறுதி விவாதத்தில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜாஃபருல்லா கான் பேசினார். இஸ்லாம் பிறரைத் தன் வழிக்கு அழைக்கும் சமயம், அழைக்கும் உரிமையைத் தனக்குக் கோரும் சமயம் அதே உரிமையைப் பிறருக்கும் தந்தாகவேண்டும் என்றார். நம்ப விரும்புகிறவர் நம்பட்டும், மறுக்க விரும்புகிறவர் மறுக்கட்டும் என்ற திருக்குர்ஆனின் கருத்தைத் தம் ஆதரவுக்குத் துணையாக நிறுத்தினார். மௌனமாக இருந்த ஆவணத்துக்குத் தம் வேதத்திலிருந்து ஒரு ‘ஏன்’ சொன்னார் அவர். 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை. சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகள், யூகோஸ்லாவியா, தென்னாப்பிரிக்கா, சவூதி அரேபியா என எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின.

ஜாஃபருல்லா கானுக்கும் அவர் சமூகத்துக்கும் பிறகு நேர்ந்தது இந்த வாதத்தின் மறுபக்கம். அவர் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். அவரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்ற கோரிக்கையோடு 1953-இல் பஞ்சாபில் பெருங்கலவரம் நடந்தது. அவர் ஐ.நா. பொதுச்சபையின் தலைவரானார், சர்வதேச நீதிமன்றத்தின் தலைவருமானார். ஆனால் 1974-இல் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்லர் என்று அறிவித்தது. 1984-இல் வந்த அவசரச் சட்டப்படி, அகமதியா ஒருவர் தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதும், தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்று அழைப்பதும், பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பதும் மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றங்களாயின. அதற்கு மறு ஆண்டு ஜாஃபருல்லா கான் லாகூரில் இறந்தார். 1948-இல் அவர் சொன்ன காரணத்தை அவர் நாட்டில் வலுவாக இருந்த சமயக் குரல்கள் தம் காரணமாக ஏற்கவில்லை. ஐ.நா.வில் ஒருவர் தம் வேதத்தைச் சான்றாகக் காட்டுவது ஒன்று, அந்த வேதத்தை ஓதும் பள்ளிகளில் அதே பொருள் கற்பிக்கப்படுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தில் ஒரு சமூகமே அகப்பட்டுக்கொண்டது.

காரணம் சொல்லாத உரிமை உண்மையில் உரிமையே இல்லை என்று தத்துவத் தரப்பிலிருந்து எழும் மறுப்பைக் கடுமையாக வைத்தவர் அலஸ்டேர் மெக்கின்டயர். மனித உரிமைகளை நம்புவதும் சூனியக்காரிகளை நம்புவதும் ஒன்றே, இரண்டையும் நிறுவ முயன்ற எல்லோரும் தோற்றார்கள் என்பது 1981-இல் அவர் சொன்னதன் சாரம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நிறுவுதல் என்பதைப் பற்றி அவர் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு தவறானது. ஒரு குழந்தையை வதைப்பது கொடுமை என்பதில் நமக்கு இருக்கும் உறுதி, அதை விளக்கும் எந்தக் கோட்பாட்டின் மீதும் நமக்கு இல்லை. கோட்பாடு பிழைபட்டால் வேறு கோட்பாட்டைத் தேடுவோம், வதை சரிதான் என்ற முடிவுக்கு வரமாட்டோம். செயலில் தெளிவு முந்தியும் கொள்கையில் தெளிவு பிந்தியும் வருவது தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி எல்லோருக்கும் சோறிட்டு, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறிய பிறகுதான் மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கொள்கைக் கேள்வி அங்கே வேண்டாததாகிவிடவில்லை. பசித்தவரை அதற்காகக் காத்திருக்க வைக்கவில்லை, அவ்வளவுதான். 1948-இன் பிரதிநிதிகளும் ‘ஏன்’ என்பதே கிடையாது என்று அறிவிக்கவில்லை. உலகப் போரின் பிணங்கள் இன்னும் எண்ணப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதைத் தீர்த்துவைக்கும்வரை பொறுக்க மறுத்தார்கள்.

தள்ளிவைத்த கேள்வி பிறகு எங்கே போயிற்று என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு ஒரு சான்று. 1864-இல் ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட பிழைகளின் பட்டியலில், தான் உண்மையென்று கருதும் சமயத்தைத் தழுவ ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்ற கருத்தும் ஒரு பிழையாகக் கண்டிக்கப்பட்டிருந்தது. பிழைக்கு உரிமை கிடையாது என்பதே அப்போதைய கோட்பாடு. 1948-இல் பாரிஸில் வாத்திகனின் தூதராக இருந்த ஆஞ்சலோ ரொன்காலி பின்னாளில் இருபத்துமூன்றாம் யோவானாகத் திருத்தந்தையானார். 1963-இல் அவர் எழுதிய சுற்றுமடல் மனித உரிமைப் பிரகடனத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரே சமய சுதந்திரம் குறித்து எழுதியதற்காக 1950-களில் மேலிடத்தால் வாய் அடைக்கப்பட்டவர். இரண்டாம் வாத்திகன் சங்கத்தில் அதே பொருளில் ஆவணம் எழுத உதவியவரும் அவரே. 1965 டிசம்பர் 7 அன்று 2,308 ஆயர்கள் ஆதரவாகவும் 70 பேர் எதிராகவும் வாக்களித்து அந்த ஆவணம் நிறைவேறியது. உரிமை கோட்பாட்டுக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது, பிழையாக நம்பும் மனிதருக்கும் அது உண்டு என்று ஆயர்கள் ஏற்றார்கள். ஐ.நா. சொல்லிவிட்டது என்பதை அவர்கள் காரணமாகக் காட்டவில்லை. இறைவார்த்தையிலும் பகுத்தறிவிலும் தெரியவரும் மனித மாண்பையே காரணமாகக் காட்டினார்கள். நம்பிக்கை என்பது கட்டாயத்தில் பிறக்கவே முடியாது என்ற தங்கள் பழைய போதனையைத் தோண்டி எடுத்தார்கள். பிரேசில் 1948-இல் எல்லோருக்குமாக எழுத விரும்பியதை அவர்கள் 1965-இல் தங்களுக்காக எழுதிக்கொண்டார்கள். எழுதவேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. பிரகடனத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கிய அந்த நாட்டில், அதே 1948 மே மாதத் தேர்தலில்தான் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நிறவெறிக்கு வேத ஆதாரம் தேடித் தந்தது டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. அதன் தொடக்கம் சிறிய சலுகையாகவே இருந்தது. 1857-இல் கேப் பகுதியின் திருச்சபைப் பேரவை, எல்லோரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பின விசுவாசிகளுக்குத் தனி வழிபாட்டை அனுமதித்தது. பலவீனத்துக்காகக் கொடுத்த சலுகை, பிறகு இறைவனின் திட்டமாகவே போதிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்திய சுவரை அறிந்தவர்களுக்கு இந்தப் போக்கு புதிதாகத் தோன்றாது. கலப்பினத்தவருக்கென்று தனியே அமைத்துத் தரப்பட்ட மிஷன் திருச்சபை, 1982-இல் கேப் டவுனை அடுத்த பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986-இல் அதை முறையாக ஏற்றது. அநீதி நிறைந்த உலகில் இறைவன் ஏழைகளின் பக்கமும் அநீதி இழைக்கப்பட்டவர் பக்கமும் நிற்கிறார், மக்களை இயல்பாகவே பிரித்துவைக்கும் எந்தப் போதனையையும் நிராகரிக்கிறோம் என்று அது அறிவித்தது. ஐ.நா.வின் எந்த ஆவணத்தையும் அது சான்றாக அழைக்கவில்லை. அழைத்திருந்தால், தங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக எண்ணிய வெள்ளை விசுவாசிகள் அதை உலகாயதம் என்று ஒதுக்கியிருப்பார்கள். தங்கள் வேதத்தைக் கொண்டே தங்களைக் கண்டித்தபோது ஒதுங்க இடமில்லாமல் போயிற்று.

இங்கே நம்பிக்கையாளர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். உலகம் 1948-இல் ஒன்றைத் தீர்மானித்தது, சமயங்கள் பிறகு தங்கள் வேதத்தை அதற்கு ஏற்ப வளைத்துக்கொண்டன. இது நம்பிக்கையா, காலத்துக்குப் பணிந்துபோவதா? இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அரசுகளின் தீர்மானம் வேதத்துக்கு மேலானது என்று ஒரு சமயம் ஒப்புக்கொண்டால் அதற்குப் பிறகு அது அரசின் ஒரு துறைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. பெல்ஹாரில் பேசியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களா? அதே வேதத்தை வாசித்து, அதே திருமுழுக்கைப் பெற்று, அதே பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒரு வேதத்தின் பொருளை அதுவரை வகுத்தவர்கள் பந்தியில் இடம் கிடைத்தவர்கள் மட்டுமே. கிடைக்காதவர்கள் வாசித்தபோது அதுவரை கண்ணில் படாத வரிகள் கண்ணில் பட்டன. பிரகடனம் செய்த வேலை, அவர்கள் பேசுவதற்கு ஓரளவு இடத்தையும் பாதுகாப்பையும் ஏற்படுத்தியது. அப்படித் திறந்த வாசிப்பு பழைய வாசிப்பைவிட வேதத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதை அந்தச் சமயத்தாரே சீர்தூக்கிப் பார்க்கவேண்டும். அந்தத் தீர்ப்பை ஐ.நா. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் மேற்கின் சரக்கு என்ற வாதத்துக்கு ஓரளவு பதில் முன்பே வந்துவிட்டது. சாங், மாலிக், ஜாஃபருல்லா கான் ஆகியோருடன், ஆண்களை மட்டும் குறிக்கும் சொல்லை முதல் பிரிவிலிருந்து மாற்றவைத்த நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவும் சேர்ந்து எழுதிய ஆவணம் அது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ‘இது எங்கள் உள்வீட்டு விவகாரம்’ என்ற வாதம் எந்தத் திசைக்கும் சொந்தமில்லை என்பது. 1860-இல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய் இறங்கிய முதல் கப்பல் தொடங்கி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அவர்களுடைய சந்ததியின் நிலையை 1946-இல் ஐ.நா.வில் இந்தியா எழுப்பியது, விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். இது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று தென்னாப்பிரிக்கா சொன்னது. பொதுச்சபை அதை ஏற்கவில்லை. 2001-இல் அதே டர்பன் நகரில் நிறவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதிப் பாகுபாட்டையும் அங்கே பேசவேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. சாதி இனமாகாது, அதை நம் அரசியல் சட்டமே பார்த்துக்கொள்கிறது என்று இந்திய அரசு எதிர்த்தது. 1946-இல் நாம் எதை நியாயம் என்று வாதிட்டோமோ அதையே 2001-இல் நமக்கு எதிராகக் கேட்க மறுத்தோம். இது எனக்கு வலிக்கிறது. பிறப்பால் அமையும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று 2002-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தெளிவாக்கியது.

காந்தியின் பதிலில் வேறொரு மறுப்பு இருந்தது. உரிமைகள் எல்லாம் கடமையைச் செவ்வனே செய்வதிலிருந்தே பிறக்கின்றன, இதைத் தம் தாயிடம் கற்றதாக அவர் ஹக்ஸ்லிக்கு எழுதினார். சமய மரபுகள் பெரும்பாலும் கடமையின் மொழியில்தான் பேசுகின்றன, ஆகவே இந்தக் கருத்துக்கு அவற்றிடம் ஆழமான வரவேற்பு உண்டு. காந்தி அதைச் சொன்னது உலகக் குடிமகனின் கடமையை மனத்தில் வைத்து. ஆனால் நம் சமூகத்தில் கடமை ஒவ்வொரு சாதிக்கும் வேறுவேறாக வகுக்கப்பட்டிருந்தது. மலம் அள்ளுவது ஒருவர் கடமை, மந்திரம் ஓதுவது இன்னொருவர் கடமை. கடமையைச் செய், உரிமை தானே வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவர்களுக்கு அது வரவேயில்லை. 1927-இல் மகாடு குளத்தில் அம்பேத்கரோடு இறங்கித் தண்ணீர் அள்ளியவர்கள் எந்தக் கடமைக்குக் கூலியாகவும் அதைக் கேட்கவில்லை. மனிதர் என்பதால் கேட்டார்கள். பிரகடனமும் கடமையை மறக்கவில்லை, 29-ஆம் பிரிவில் அது உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் பட்டிருக்கும் கடமை அது. சமயங்கள் தங்கள் கடமைச் சொல்லை இந்தச் சமத்துவத்துக்குள் கொண்டுவந்து வைத்தால் மட்டுமே காந்தியின் வாக்கியம் உண்மையாகும்.

உரிமைப் பிரகடனம் ஆள்வோரின் கையைத் தடுக்கிறது. மனத்துக்குள் அது அதிகம் நுழைவதில்லை. மனத்தை நோக்கி எழுதப்பட்ட ஆவணம் 1999 செப்டம்பர் 13 அன்று பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஏற்ற அமைதிப் பண்பாட்டுப் பிரகடனம். 1989-இல் ஐவரி கோஸ்ட்டின் யமுசுக்ரோ நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் உருவான கருத்து அது. மதிப்பீடுகள், மனப்பான்மைகள், மரபுகள், வாழ்முறைகள் ஆகியவற்றின் தொகுப்பாக அமைதிப் பண்பாட்டை அது வரையறுத்தது. கல்வி, பெண்களுக்குச் சமத்துவம், சகிப்புத்தன்மை, தகவல் சுதந்திரம் என்று எட்டுக் களங்களில் வேலை வகுத்தது. பெற்றோர், ஆசிரியர், பத்திரிகையாளர் வரிசையில் சமய அமைப்புகளையும் பெயர் சொல்லி அழைத்தது. இங்கே 1948-இன் மௌனம் போதாமல் போகிறது. சித்திரவதை செய்யாதே என்பதற்குக் காரணம் சொல்லாமல் சட்டம் போடலாம். பகைவனையும் மனிதனாகப் பார் என்பதைக் காரணம் சொல்லாமல் யாருடைய மனத்திலும் பதியவைக்க முடியாது. காரணத்தை அரசே சொல்லப் புகுந்தால் அது பிரசாரமாகிவிடும். காரணம், கதை, சடங்கு, பாட்டு, துக்க வீட்டில் சொல்லும் ஆறுதல் எல்லாம் சமயங்களிடமும் அவற்றைப் போல் ஆழ வேர்விட்ட மரபுகளிடமும்தான் இருக்கின்றன. அழைப்பு வந்ததும் சமயங்கள் விழாக்களுக்குப் பிரதிநிதிகளை அனுப்பின, மெழுகுவர்த்தி ஏற்றின. தங்கள் போதனையில் அயலானைத் தாழ்த்தும் பகுதிகளைத் திறந்து வைத்துப் பேசியவை சிலவே.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, இவற்றால் யார் உயிர் பிழைத்தார் என்பது. யமுசுக்ரோ மாநாடு நடந்த நாடு 2002-இல் உள்நாட்டுப் போரில் விழுந்தது. உலகக் குழந்தைகளுக்காக அமைதிப் பண்பாட்டுப் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்த 2001–2010 காலத்துக்குள்தான் இலங்கையில் முள்ளிவாய்க்கால் நடந்தது. போர் முடிந்த சில நாள்களில், 2009 மே 27 அன்று, மனித உரிமைப் பேரவையில் இந்தியா உள்ளிட்ட 29 நாடுகள் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்துக்கு வாக்களித்தன. 40,000 பொதுமக்கள்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்ற மதிப்பீட்டை ஒதுக்க முடியாது என்று 2011-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு சொன்னது. மக்களைக் காப்பதில் ஐ.நா. அமைப்பு முழுதும் தவறியது என்று 2012-இல் அதன் உள்விசாரணையே எழுதியது. இந்த உண்மைகளுக்கு முன்னால் எந்தச் சமாதானமும் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் ஆவணங்கள் வீண் என்று பாதிக்கப்பட்டவர்கள் முடிவுகட்டவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தித் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் என்பது அவர்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொல். காணாமல் போனவரின் உறவினருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்று சொல்லும் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கையும் 2016-இல் தன்னைப் பிணைத்துக்கொண்டது. முருகனிடம் முறையிடுவதையும் சர்வதேச விசாரணை கேட்பதையும் அந்தத் தாய்மார் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. எது எதற்கு அடிப்படை என்று பண்டிதர்கள் தீர்த்துத் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவுமில்லை. அவர்களோடு நிற்கவேண்டிய சமயத் தலைமைகளில் எத்தனை பேர் அந்த முன்றலுக்கு வந்தார்கள் என்பதைச் சைவ ஆதீனங்களிடமும், இலங்கை அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் முதன்மை இடம் பெற்றிருக்கும் பௌத்த சமயத்தின் சங்கத்திடமும் கேட்கலாம். உயிர்க்கொலை கூடாது என்ற முதல் சீலத்தைத் தினமும் சொல்லும் சங்கத்துக்கு, அந்தச் சீலத்தைத் தமிழரின் உயிருக்கும் நீட்டிச் சொல்ல ஐ.நா.வின் அனுமதி தேவையில்லை.

1962-இல் பொதுச்சபை இரண்டு வேலைகளைச் சேர்த்தே தொடங்கியது. இனப்பாகுபாட்டுக்கு எதிராக ஓர் உடன்படிக்கை, மத சகிப்பின்மைக்கு எதிராக இன்னொன்று. முதலாவது மூன்றே ஆண்டுகளில், 1965-இல், நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமாக வந்தது. இரண்டாவது இழுத்தடித்து 1981-இல் வெறும் பிரகடனமாக வெளிவந்தது. அதுவும் சமயம் மாறும் உரிமையை 1948 போல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1966-இன் குடிமை உரிமை உடன்படிக்கையிலேயே அந்தச் சொல் மழுப்பப்பட்டிருந்தது, 1981-இல் இன்னும் மங்கியது. உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை. அரசுகளின் சோம்பல் மட்டும் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தம் சமயத்தைவிட்டு விலகிப்போனாலும் அவருடைய மாண்பு ஒரு துளியும் குறையாது என்று தங்கள் சொந்த வேதத்தின் மொழியில் சொல்லும் சமயங்கள் போதிய அளவு பெருகவில்லை. அவை சொல்லாத ஒன்றை எழுத எந்த அரசின் கையும் துணியவில்லை.